கருத்துப்போன பெயர்கள்

முதலில் ஒரே ஒரு பெயர்தான் கருத்திருந்தது.

பூட்டிய கோப்புகளின் பெயர்கள் திரையில் பச்சையாகத் தெரியும். மனநல கிளினிக்குக்கு வந்தவர்கள் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசிய ஒலிப்பதிவுகள், நாலாயிரத்துச் சொச்சம். பட்டியலின் தலையில் ‘கோவிந்தராசு, ரெட்டியார்பாளையம்’ மட்டும் கருப்பாகக் கிடந்தது. யாரோ பூட்டைத் திறந்திருந்தார்கள். சாவியோ, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் புருஷோத்தமன் ஒருவனிடம்தான் இருந்தது.

ஞாயிறு மாலை. உப்பளம் பகுதியில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. துறைமுகப் பக்கமிருந்து அடித்த காற்றில் கீழே ஷட்டர் விட்டுவிட்டு அதிர, சர்வர் அறையில் ஏசியின் இரைச்சலுக்கு நடுவே ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் சூடேறிய வயர் நாற்றமும் கலந்து அவன் தொண்டையில் ஒட்டின. விடுமுறை நாளில் அவன் வருவதே திருட்டுத்தனமாகக் கேட்பதற்குத்தான். செத்துப்போன பெண்டாட்டிக்கும் சேர்த்துச் சோறு வடிக்கிற கோவிந்தராசு. பிள்ளையைப் பறிகொடுத்ததிலிருந்து தூங்காத வீராயி. அழுமூஞ்சிக் கூட்டம். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டுச் சிரிப்பான்.

பத்து நாளைக்கு முன் ரிசப்ஷன் சுமலதா ஓர் எச்சரிக்கை மெயிலைக் காட்டினாள். கோப்புகளைப் பூட்டும் வசதியிலேயே ஓட்டை இருக்கிறதாம். எங்கோ உட்கார்ந்திருப்பவன் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைந்து, இந்த மெஷினைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கலாமாம். அப்டேட் போட்டால் அடைபடுமாம்.

“டோக்கன் குடுக்குறதோட நிறுத்திக்கம்மா. இதெல்லாம் உனக்குப் புரியாது,” என்றான்.

“போட்டுடுங்க சார். நம்மள நம்பித்தான் பேசிட்டுப் போறாங்க.”

அவன் போடவில்லை. டோக்கன் கொடுக்கிறவள் சொல்லி அவன் செய்வதா?

இப்போது இரண்டாவது பெயர் கருத்தது. அடுத்து வீராயி. அதற்கும் அடுத்தது. மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல்.

நெட் வயரைப் பிடுங்கினான். பெயர்கள் கருத்துக்கொண்டே போயின. வயர் அவன் கையில் இருந்தது.

டாக்டரின் பூட்டிய அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர் பேசத் தொடங்கியது. கோவிந்தராசின் குரல். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஒரு பெண் அழுதாள். பிறகு கட்டடம் முழுக்கக் குரல்கள், ஒன்றின்மேல் ஒன்று. தினமும் சிரிக்கவைத்த குரல்கள். இன்று சிரிப்பு வரவில்லை. காதைப் பொத்திக்கொண்டான்.

எல்லாம் ஒரே நொடியில் நின்றன.

பட்டியலின் அடியில் ஒரு புதுக் கோப்பு. பச்சை. ‘புருஷோத்தமன்.’ அதன் அளவு ஏறிக்கொண்டே இருந்தது. எதுவோ பதிவாகிக்கொண்டிருந்தது. இந்த அறையில் மைக் கிடையாது.

சொடுக்கினான். அனுமதி இல்லை என்றது. தன் சாவியைக் கொடுத்தான். அனுமதி இல்லை.

பிறகு அதுவாகவே திறந்துகொண்டது.

மழை. ஏசி. இரைக்கிற மூச்சு. அவனுடையதுதான்.

கூடவே இன்னொரு மூச்சு.

அவன் மூச்சை அடக்கினான். ஒலிபெருக்கியில் ஒன்று நின்றது.

மற்றது நிற்கவில்லை. நிதானமாக, ஈரமாக, அவன் பிடரியில் பட்டது.