கொற்றமுனை சினைநோக்கி

மார்கழி பிறந்தும் கொற்றமுனைக் கழிமுகத்தில் பச்சை விளக்கே எரிந்துகொண்டிருந்தது. நூற்றுப் பதினோராவது நாள். பச்சை என்றால் மட்டிச் சிப்பி எடுக்கலாம். ஆனாலும் அதைப் பார்த்து எஸ்கலினுக்கு அழுகைதான் வந்தது. இருபது வருடமாகக் கழிமுகத்து மணலைக் காலால் துழாவி மட்டி எடுப்பவள் அவள்.

விளக்கை எரிப்பது சினைநோக்கி என்ற கருவி. கம்பத்தில் நின்றபடி நிமிடத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீரை உறிஞ்சி, அதில் மட்டி முட்டை இருக்கிறதா என்று பார்க்கும். மழை பெய்து உப்பு குறைந்ததும் மட்டிகள் ஓட்டைத் திறந்து முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடும். முதல் முட்டை தட்டுப்பட்டதும் சிவப்பு எரியும். குஞ்சுகள் மணலில் உட்காரும்வரை யாரும் இறங்கக் கூடாது. முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கழிமுகத்தை மூடிவைப்பார்கள். மட்டிக்கு ஏது காலண்டர் என்று கேட்டுத்தான் இந்த ஆண்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். நியாயமான கேள்விதான்.

மழை வந்தது, உப்பு குறைந்தது, முட்டை மட்டும் வரவில்லை. மட்டிகள் மலடாகிவிட்டன என்று கழிமுகக் காப்பகத்தின் அதிகாரி திருமாறன் முடிவுகட்டிவிட்டார். திங்கட்கிழமை தூர்வாரும் எந்திரம் வந்து அத்தனையையும் அள்ளிவிடும். பிறகு ஆய்வகக் குஞ்சுகளை விடுவார்கள். அவை வளரும்வரை, ஐந்து வருடத்துக்கு, யாரும் மட்டி எடுக்க முடியாது.

"அஞ்சு வருசத்துக்கு நாம என்னத்தத் திங்க? மண்ணையா?" என்றாள் எஸ்கலின். "ஏளா, எல்லாரும் காப்பகத்துக்குக் கெளம்புங்க. ஒருத்தி மிஞ்சக் கூடாது."

ஒருத்தியும் மிஞ்சவில்லை. ராத்திரி முறைக்காரிகள்கூடத் தூக்கக் கலக்கத்தோடு வந்தார்கள். ராத்திரி முறை இந்த ஆண்டு முளைத்த வழக்கம். சிவப்பு எந்த நிமிடம் விழுமோ என்ற பயத்தில், அதற்குள் அள்ளிவிட வேண்டுமென்று ஊரே முறைவைத்து மூன்று குழுவாகப் பிரிந்து ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

காப்பக வாசலில் காலையில் உட்கார்ந்தவர்களைப் பார்க்கத் திருமாறன் மாலை ஐந்து மணிக்குத்தான் வெளியே வந்தார்.

"எங்க வயித்துல அடிக்காதீங்க சார்!"

"நான் என்னம்மா செய்ய? கருவி பொய் சொல்லாது. ஒரு முட்டைகூட..."

அவர் சட்டைப்பையில் கைபேசி கூவியது. எடுத்துப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"சிவப்பும்மா," என்றார். "முட்டை! கொட்டோ கொட்டுன்னு கொட்டுது."

பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். தூர்வாரும் எந்திரம் வராது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார் திருமாறன். அவருக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருக்க வேண்டும். எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

டீ டம்ளரோடு எஸ்கலின் திடீரென்று கேட்டாள். "இன்னைக்குத் தண்ணில யாருளா நின்னா?"

"யாரு நின்னா? எல்லாரும் இங்கதான கெடக்கோம்."

"அதான பார்த்தேன். கால் பட்டா மட்டி டப்புனு மூடிக்கிடும்லா? ராவும் பகலும் நாம மிதிச்சா அது எப்பத் தொறந்து முட்டை விடும் சார்? சிவப்பு விழுந்தாத்தான் நாங்க ஏறுவோம். நாங்க ஏறினாத்தான் அது முட்டை விடும்."

திருமாறன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

அடுத்த ஐப்பசிக்கு முன்பே காப்பகத்திலிருந்து ஊருக்குக் கடிதம் வந்தது. சினைநோக்கி பிழையின்றி இயங்குவதற்கு ஏதுவாக, ஐப்பசி, கார்த்திகை இரு மாதங்களும் கழிமுகத்தில் ஒருவரும் இறங்கக் கூடாதாம்.

எஸ்கலின் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அந்தக் கடிதத்தைக் காலண்டர் தொங்கும் ஆணியிலேயே மாட்டிவைத்தாள்.