எடை மேடையில் நின்ற குட்டி வீடு

என் கேம்பரை வாங்க அதுவரை ஏழு பேர் வந்திருந்தார்கள். ஏழு பேரையும் நான் விரட்டிவிட்டேன்.

கேம்பர் என்றால், பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏற்றி வைக்கிற குட்டி வீடு. உள்ளே ஒரு அடுப்பு, ஒரு மேசை, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. ஓட்டுகிறவரின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு படுக்கை. அவ்வளவுதான். என்னுடையது பழசு. அதனால் விலையும் குறைவு. விலை குறைவு என்றால் சிலர் இனாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவன் பாதி விலைக்குக் கேட்டான். இன்னொருவன் கேம்பரை இன்றைக்கே எடுத்துப்போகிறேன், பணத்தை அடுத்த மாதம் அனுப்புகிறேன் என்றான். நான் யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை.

எட்டாவதாக வந்தது ஓர் அம்மாவும் மகளும். அம்மா பெயர் கார்லா. பக்கத்து ஊர் பேக்கரியில் வேலை. மகள் மேரன், பத்து வயது. அவர்களுடைய பிக்கப் வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கினாள்.

"கூரையில ஒரு இடத்துல ஒழுகுச்சு. நானே அடைச்சேன்," என்றேன். "ஃபிரிட்ஜ் ஓடாது. ஐஸ் பெட்டிதான். பிடிச்சா வாங்குங்க, இல்லேன்னா கிளம்புங்க."

கார்லா திகைத்து நின்றாள். மேரனோ சிரித்தாள்.

"அம்மா, குறையைத் தானே சொல்ற முதல் ஆளு இவர்தான்! இதுவரைக்கும் ஆறு கேம்பர் பாத்தோம் மிஸ்டர் ஹாஸ்கின்ஸ். ஆறும் 'புதுசு மாதிரி'ன்னாங்க. ஒண்ணுல சுவத்தைத் தொட்டேன், விரல் உள்ளே போயிடுச்சு!"

அவள் உள்ளே ஏறி மூலை மூலையாக அழுத்திப் பார்த்தாள். தரையில் குதித்துப் பார்த்தாள். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள்.

"பூஞ்சை வாசனை இல்லம்மா. வெங்காய வாசனைதான்."

"அது என் சமையல்," என்றேன்.

கார்லா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "திங்கட்கிழமையிலேருந்து எனக்கு ஒரு வாரம் லீவு. வருஷத்துக்கே அது ஒண்ணுதான். போன வருஷம் ஏரிக்கரையில டெண்ட் போட்டோம். மழையில நனைஞ்சு ரெண்டாம் நாளே திரும்பி வந்துட்டோம். இந்த வருஷம் இவளை எப்படியாவது கூட்டிட்டுப் போகணும்."

சரி என்று வேலையில் இறங்கினோம். கேம்பருக்கு நான்கு மூலையிலும் கால் மாதிரி ஜாக்கி உண்டு. நான் அவற்றைச் சுற்றிச் சுற்றி உயர்த்தினேன். கார்லா தன் வண்டியைப் பின்னால் எடுத்து அடியில் நுழைத்தாள். கேம்பரை இறக்கிச் சங்கிலி போட்டுக் கட்டினோம். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"பணம்?" என்று கையை நீட்டினேன்.

"ஒரு நிமிஷம்!" என்றது மேரனின் குரல். அவள் ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி, ஆளுங்க, சாமான் எல்லாம் சேத்து ஏழாயிரம் பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. இப்ப எவ்வளவு இருக்கு?"

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், அந்தத் தாளை ஒரு வண்டியிலும் படித்ததில்லை.

"ஸ்பிரிங் தொங்கலை. அது போதும்," என்றேன். "கேம்பரோட எடை பின்கதவுத் தகட்டுலயே இருக்கு."

"அதை எப்ப எழுதினாங்க?"

"நீ பொறக்குறதுக்கு முன்னால."

"அதுக்கப்புறம் நீங்க உள்ளே அலமாரி அடிச்சிருக்கீங்களே?"

அடித்தது உண்மைதான்.

"கோதுமைக் கிடங்குல லாரி எடை போடுற மேடை இருக்குல்ல? அங்கே போய்ப் பாக்கலாம்," என்றாள்.

"பணம் கைக்கு வராம என் கேம்பர் இந்த வாசலைத் தாண்டாது."

"எடை தெரியாம நான் பணம் தரமாட்டேன்," என்றாள் கார்லா.

"அப்ப இறக்கிடலாம்."

"சரி, இறக்கிடலாம்."

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றோம். மேரன் நடுவில் வந்தாள். "நீங்களும் எங்க வண்டியிலயே வாங்களேன். உங்களையும் ஏத்திக்கிட்டு எங்கே ஓடிப்போகப் போறோம்?"

இதில் ஏதாவது ஏமாற்று வேலை இருக்கிறதா என்று நான் நன்றாக யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

அறுவடைக் காலம். கிடங்கில் எடை போடுகிற டட்லி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். என் பழைய சிநேகிதன்.

"டேய் வெர்ல்! கடைசியில உன்னையும் சேத்து வித்துட்டியா?"

"வாயை மூடிக்கிட்டு எடையைப் பாருடா."

மேடைக்கு மேலே இருந்த பெட்டியில் சிவப்பு எண் எரிந்தது. 7,340.

முந்நூற்று நாற்பது பவுண்டு அதிகம்.

"விக்க மாட்டேன்," என்றேன்.

"என்னது?" என்றாள் கார்லா.

"ஏரிக்குப் போற பாதை ஏழு மைலுக்கு ஒரே இறக்கம். பாரம் கூடினா பிரேக் புகையும். அங்கே அப்படி நின்ன வண்டிகளை நான் பாத்திருக்கேன். காசை வாங்கிக்கிட்டு உங்களை அந்த இறக்கத்துக்கு அனுப்ப மாட்டேன்."

கார்லா நெற்றியை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டாள். மேரன் உதட்டைக் கடித்தபடி எண்ணையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், நீங்க எங்ககூட ஏரிக்கு வர்றீங்களா?"

"நான் எதுக்கு வரணும்?"

"அப்ப கொஞ்சம் இறங்குங்க."

டட்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் இறங்கி, மேடையை விட்டு விலகி நின்றேன். எண் 7,140 ஆனது.

"இருநூறு பவுண்டுக் கிழவன்!" என்றான் டட்லி.

"பூட்ஸோட சேத்துடா," என்றேன்.

ஆனாலும் நூற்று நாற்பது அதிகம். கார்லா சாவியைத் திருப்பக் கையைக் கொண்டுபோனாள்.

"இரும்மா! அந்த எண்ணு ஏன் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். 7,140. 7,120. மறுபடி 7,140.

"காத்து," என்றான் டட்லி. "காத்தடிச்சா அப்படித்தான் ஆடும்."

மேரன் ஜன்னல் வழியாக எட்டிக் கிடங்கின் உச்சியைப் பார்த்தாள். அங்கே கொடி துவண்டு தொங்கியது.

"காத்தே இல்லையே! அம்மா, ஆடாம உக்காரு." அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண் அப்போதும் ஆடியது. "நாம ஆடலை. அப்ப பின்னால ஏதோ ஆடுது. ஆடிக்கிட்டே இருக்குன்னா... தண்ணி! உள்ளே தண்ணி இருக்கா?"

எனக்குக் காது சூடானது. காலையில் நான்தான் தொட்டியை விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். வருகிறவன் எவனும் குழாய் வேலை செய்யவில்லை என்று குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. நிரப்பியதை அடியோடு மறந்துபோனேன்.

"முப்பது காலன்," என்று முணுமுணுத்தேன்.

"ஒரு காலன் எட்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல," என்றான் டட்லி.

தூசி படிந்த கண்ணாடியில் மேரன் விரலால் கணக்குப் போட்டாள். "கிட்டத்தட்ட இருநூத்தி ஐம்பது! நமக்கு நூத்தி நாப்பது குறைஞ்சா போதும்!"

"என் மேடையில ஊத்திடாதீங்க!" என்று கத்தினான் டட்லி.

வண்டியை ஓரமாக நிறுத்தி நான் அடைப்பைத் திறந்தேன். தண்ணீர் பள்ளத்துக்குள் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் கோதுமை லாரிகள் மூன்று வந்து வரிசையில் நின்றன.

"அடுத்து நீங்க போங்க," என்றான் முதல் லாரிக்காரன் கார்லாவிடம். "எண்ணு என்னன்னு தெரியாம எனக்கும் மண்டை வெடிச்சிடும்."

வண்டி மறுபடி மேடையில் ஏறியது. கார்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்லு மேரன்."

"ஆறாயிரத்து எண்ணூத்தி எண்பது. ஆடவே இல்லம்மா!"

கார்லா விட்ட பெருமூச்சு கீழே நின்ற எனக்குக் கேட்டது. நானும் ஒன்று விட்டேன். டட்லிக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

"தண்ணிக்கு என்ன செய்வீங்க?" என்றேன்.

"ஏரிக்கரையில குழாய் இருக்கு. இறங்கினப்புறம் நிரப்பிப்போம்," என்றாள் மேரன். "போர்வைக்கும் ரொட்டிக்கும் சட்டிக்கும் இன்னும் நூத்தி இருபது பவுண்டு மிச்சம் இருக்கு."

மேடையை விட்டு இறங்கியதும் கார்லா பணத்தைக் கொடுத்தாள். டட்லியின் பேனாவில் நான் ரசீது எழுதினேன். மேரன் பின்கதவு வழியாக ஏறி, மேலே இருந்த படுக்கையில் ஒரு தரம் உருண்டுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தாள்.

"ஏறுங்க மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், உங்களை வீட்டுல விட்டுடறோம்," என்றாள் கார்லா.

நான் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தேன். மேரன் கதவுச் சட்டத்தில் இருந்த தாளைப் பார்த்தாள். பிறகு என் பூட்ஸைப் பார்த்தாள்.

"சரி, சரி. நான் நடந்தே போறேன்," என்று காலை எடுத்துக்கொண்டேன்.

வீடு இரண்டு மைல். நல்ல வெயில். பணம் கைக்கு வராமல் என் கேம்பர் வாசலைத் தாண்டாது என்று சொன்னவன், அது நான் இல்லாமல் சாலை வளைவில் திரும்பி மறைவதைப் பார்த்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டே நடந்தேன்.