சுந்தரியின் கட்டைவிரல்

பள்ளிகொண்டா கோயிலில் தாலி கட்டி முடித்து, ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்த வீட்டு வாசலில் அவர்கள் வந்து இறங்கியபோது நல்ல மதியம். பாக்யலட்சுமிக்கு இது முதல் கல்யாணம், பூவரசனுக்கு இரண்டாவது. ஷூ கம்பெனியில் பசை தடவியே இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, இத்தனை வயதுக்குப் பிறகு தனக்கென்று ஒரு வீட்டுக்குள் நுழையப் போகிறாள். கதவில் சாவித் துவாரத்தைக் காணோம். கறுப்பாக ஒரு பூட்டும், விரல் வைக்கச் சின்னதாக ஒரு கண்ணாடியும் இருந்தன. பூவரசன் கட்டைவிரலை வைத்தான்.

"வந்துட்டீங்களா? செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு பெண் குரல். யாரோ சொந்தக்காரி ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள் என்று பாக்யம் நினைத்தாள். கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

"யாருங்க உள்ள?"

"பூட்டுதான் பேசுது," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "சுந்தரி பதிஞ்சு வச்சது."

சுந்தரி அவனுடைய முதல் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் செத்துப்போனவள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் பாக்யத்துக்கு நேற்றைய சண்டை ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் முதலில் அவளுக்குப் புதுப்புடவையும் பூவும் வைத்து, வாம்மா என்று கூப்பிட வேண்டும். பூவரசனின் அக்கா கண்ணம்மாள் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்தாள். பாக்யம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"செத்தவள ஊட்டுக்குள்ள கூப்ட்டு வச்சிக்கினு நான் இன்னா குடித்தனம் பண்றது?"

கண்ணம்மாள் புடவையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "கூப்ட்டா தெய்வமா வருவா. கூப்புடலன்னா ஊட்டுக்காரியாத்தான் வருவா," என்று மட்டும் சொன்னாள்.

வந்த இடத்தில் வீட்டுக்காரி ஏற்கெனவே உள்ளேதான் இருந்தாள். வைஃபைக்குப் பாஸ்வேர்டு சுந்தரி. டிவிக்குச் சுந்தரி. கேஸ் புக் பண்ணச் சுந்தரி. வீட்டு ஆட்கள் பெயரைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள் என்று பேங்க்காரன் ஓயாமல் மெசேஜ் அனுப்புகிறான். திருடனுக்குப் பயந்து சொல்கிறான், சரி. இரண்டாந்தாரமாக வந்தவள் ஒரு சீரியல் பார்க்க மூத்தவள் பெயரை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியிருக்கிறதே, அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? பாக்யத்துக்கு வயிறு எரிந்தது.

பூட்டும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பசையும் அதைக் கழுவுகிற திரவமும் சேர்ந்து அவள் விரல் ரேகைகளை எப்போதோ தின்றுவிட்டிருந்தன. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசியில் பூவரசன் எண்களை அழுத்தித் திறக்கச் சொல்லிக்கொடுத்தான். அந்த எண்ணும் சுந்தரியின் பிறந்தநாள்தான்.

யாராவது கதவைத் திறந்தால் பாக்யத்தின் போனுக்கும் செய்தி வரும்படி அவன் வைத்துக்கொடுத்திருந்தான். ஒருநாள் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் போன் அதிர்ந்தது.

'சுந்தரி உள்ளே வந்தார்.'

பழைய பெயரில் அவனே திறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அதே வேளையில் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வேறு எவளையாவது கூட்டி வருகிறானோ என்ற சந்தேகத்தில் அவனுக்குப் போன் போட்டாள். அவன் பேச்சுக்குப் பின்னால் தோல் வெட்டும் மெஷின் சத்தம் கேட்டது. அவன் வேலையில்தான் இருந்தான்.

பாக்யம் பர்மிஷன் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே வைத்துவிட்டுப் போன அவளுடைய பாத்ரூம் செருப்பு வாசலுக்கு வெளியே கிடந்தது.

ஜோடியாக, தெருவைப் பார்த்து.

எண்ணை அழுத்தித் திறந்தாள். காற்றில் சீயக்காய் வாசனை. தலைக்குக் குளித்துவிட்டு யாரோ இப்போதுதான் இந்த வழியாக நடந்து போன மாதிரி இருந்தது.

"யாரு?"

குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

யாரோ திருகி மூடினது போல.

படுக்கையறையில் அவளுடைய தலையணை தரையில் கிடந்தது. பூவரசனின் தலையணை கட்டிலில் இருந்தது. அதன் நடுவில் ஈரமாக ஒரு பள்ளம்.

தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

பாக்யத்துக்குப் பயம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஆத்திரம் வந்தது. செத்த பிறகும் என் புருஷன் தலையணைதான் வேண்டுமா உனக்கு? வாய்விட்டே கேட்டாள். தரையில் கிடந்த தன் தலையணையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, பூட்டு மாட்டிய வாணியம்பாடி ஷாஹித்துக்குப் போன் போட்டாள்.

ஷாஹித் மறுநாள் வந்து பூட்டைக் கழற்றிப் பார்த்தார். "ஜாஸ்தி பேஜார் ஆவாதீங்கக்கா. உயிரோட இருக்கற விரல் பட்டாதான் இது தொறக்கும். அந்தக்கா பேர்ல ஏதோ தப்பா மெசேஜ் வருது, அவ்ளோதான்."

"அவ ரேகைய அழிச்சிடுங்க."

"அவங்க பேர்லதான் மொத்த பூட்டும் பதிஞ்சிருக்கு. அவங்க ரேகைய மட்டும் எடுக்கணும்னா அவங்க விரலே வேணும். இல்லன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும். குரலும் போயிடும்."

"போவட்டும்."

அவர் ஊசி போன்ற ஒன்றால் ஒரு துளைக்குள் அழுத்தினார். பூட்டு நீளமாக ஒருமுறை ஒலித்து அடங்கியது. "முடிஞ்சிதுக்கா. இனிமே அந்த ரேகை இதுல இல்ல." கதவைத் திறக்கப் புதிதாக ஓர் எண்ணை வைத்துக்கொடுத்து, பூவரசனின் விரலைப் பிறகு வந்து பதிவதாகச் சொன்னார். பாக்யத்தின் விரலைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "பசை வேலைய வுட்டுட்டுத் தேங்காண்ணெய் தடவுங்க. ரேகை தானா வளரும்."

சாயங்காலம் வந்த பூவரசன் பூட்டில் விரல் வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. விரலை எடுத்து மறுபடி வைத்தான். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"அவ குரல் அது ஒண்ணுதான் இருந்துச்சு, பாக்யம்."

"நான் உயிரோட பேசிக்கினுதான இருக்கேன்? என் குரல் காதுல விழலியா?"

அவன் எழுந்து உள்ளே போனான். பாக்யம் வருத்தப்படவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷமாகவே இருந்தது.

போனில் சுந்தரி பெயர் வருவது நின்றது. செருப்பு வைத்த இடத்தில் இருந்தது. பாக்யம் பசைப் பிரிவிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிக்கொண்டு, ராத்திரிதோறும் விரல்களுக்கு எண்ணெய் தடவினாள். ஆனால் பூவரசன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. சாப்பிட்டான், படுத்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு தூங்கினான். அவன் கை ஒருமுறைகூட அவள் மேல் படவில்லை. ஒரே ஒருமுறை தொட்டால்கூடப் போதும் என்று அவள் ஏங்கினாள்.

ரேகை வளர்ந்தது. முதலில் வலது கட்டைவிரலில் மெல்லிய கோடுகளாக வந்து, பிறகு அழுத்தமாகச் சுழி விழுந்தது. நடுவில் குறுக்காக ஒரு கோடு வெள்ளையாக ஓடியது. பழைய வெட்டுக்காயத் தழும்பு மாதிரி இருந்தது. தனக்கு அங்கே காயம் பட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் பூவரசன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பாக்யம் ஆசையாகப் போய்க் கையை நீட்டினாள்.

"பாருங்க, எனக்கும் ரேகை வந்துடுச்சி."

அவன் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தான். பிறகு அவள் விரலை வெளிச்சத்துக்குத் திருப்பினான். அவன் முகம் மாறியது.

"இந்தத் தழும்பு..." மூச்சு வாங்கியது அவனுக்கு. "மொத தீபாவளிக்குக் கறி அறுக்கும்போது அருவாமணைல கிழிச்சிக்கினா. நான்தான் துணி கட்டினேன்."

அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். கண்ணீர் அவள் விரல்களில் வழிந்தது. கல்யாணமாகி இத்தனை நாளில் அவன் அவளை ஆசையோடு தொட்டது அதுதான் முதல் தடவை.

"சுந்தரி," என்றான் மெதுவாக.

பாக்யத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வுடுங்க. நான் பாக்யம். கைய வுடுங்க!"

அவன் திடுக்கிட்டு இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டான்.

அவள் பலம்கொண்ட மட்டும் கையை இழுத்தாள்.

அது வரவில்லை. அவன் கன்னத்தை மெல்லத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது.