ஒன்பதாம் படுக்கையின் சார்ட்

மூன்று வருடம் கழித்து எஸ்னாட் கலிவோ அந்த ஏரிக்கரை மருத்துவமனைக்குத் திரும்பி வந்தாள், இந்த முறை மேட்ரனாக. திங்கட்கிழமை காலை. ஜனவரி மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பிரசவ வார்டு மாறவே இல்லை. அதே குளோரின் வாடை, வெளியே துணைக்கு வந்த பெண்கள் நிசிமா என்ற சோளமாவுக் களி கிண்டும் அடுப்புப் புகை. பன்னிரண்டு படுக்கைக்கு முப்பது பெண்கள். இடமில்லாதவர்கள் இடுப்பில் சுற்றிவந்த சித்தெஞ்சே துணியை விரித்துத் தரையில் படுத்திருந்தார்கள்.

ஒன்பதாம் படுக்கை மட்டும் காலியாக இருந்தது.

ஏன் என்று எஸ்னாட் கேட்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள். வேலையில் சேர்ந்து ஒரு வாரமே ஆன தேம்வா என்ற நர்ஸ் பேனாவும் கையுமாகப் பின்னால் வந்தாள்.

புது ஆட்களுக்குப் புத்தி சொல்வதென்றால் எஸ்னாட்டுக்குக் கரும்பு தின்ற மாதிரி. நேரத்துக்குச் சாப்பிடு, டாக்டரிடம் வாயாடாதே, வீட்டுக் கவலையை வார்டுக்குள் கொண்டுவராதே என்று நடந்துகொண்டே சொன்னாள். எல்லாம் நல்ல பேச்சுதான். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

“இங்க பாரு பொண்ணே. ரெண்டு பேரு முப்பது பேரப் பாக்குற எடம் இது. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் சார்ட்டுல இருக்குற எல்லாக் கட்டத்துலயும் காலையிலயே கையெழுத்தப் போட்டுடு. நம்பர அப்புறமா போட்டுக்கலாம்.”

“பாக்காமயே எப்படிங்க மேட்ரன்?”

“அப்படித்தான் நாங்கல்லாம் பொழைச்சோம்.”

தேம்வா தயங்கினாள். அப்புறம் ஒவ்வொரு சார்ட்டாக எடுத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள்.

இதே புத்தியை இதே இடத்தில் நின்று எஸ்னாட் முன்பும் ஒருத்திக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் பெயர் லினெஸ் மோண்டிவா. நம்பிக் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் வரைக்குமான நாடியையும் பிபியையும் எஸ்னாட் காலைத் தேநீரோடு உட்கார்ந்து எழுதி முடித்தாள். அன்று பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் ரத்தம் போய்ச் செத்தாள். அவளுடைய இரண்டு மணிக் கட்டத்தில் நாடி எண்பது என்று இருந்தது. விசாரணையில், கையெழுத்து யாருடையதோ நம்பரும் அவளுடையதுதான் என்று எஸ்னாட் கூசாமல் சொன்னாள். லினெஸின் நர்ஸ் பதிவு ரத்தாயிற்று.

எட்டு மாதம் கழித்து லினெஸே இடுப்பு வலியோடு இந்த வார்டுக்கு வந்தாள். படுக்கை ஒன்பது. பொறுப்பில் எஸ்னாட். பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு, யாரும் வராமலே குரல் கம்மிப்போய்ச் செத்தாள். அவள் சார்ட்டிலும் ஆறு மணி வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த மாதமே எஸ்னாட் தலைநகர் லிலாங்வேக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பதினொரு மணிக்கு ஒன்பதாம் படுக்கையின் கால்மாட்டில் ஒரு சார்ட் தொங்குவதைப் பார்த்தாள். காலையில் அது அங்கே இல்லை. நோயாளி பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. கட்டங்களும் வெறுமைதான். ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாகக் கையெழுத்து.

எல்.எம்.

மை ஈரமாக இருந்தது.

எவளோ வம்புக்கு விளையாடுகிறாள் என்று எஸ்னாட் அதைக் கிழித்துப் பையில் திணித்தாள். பழைய கதை கிளம்பினால் மேட்ரன் பதவி மட்டுமல்ல, நர்ஸ் வேலையே போய்விடும். அந்த நினைப்பில் நெஞ்சு படபடத்தது. படபடப்பு அடங்கவில்லை, வலியாக மாறி இடது கைக்கு இறங்கியது. கால் தள்ளாடியது. தேம்வா ஓடிவந்து தாங்கினாள். காலியாக இருந்தது ஒரே ஒரு படுக்கைதான்.

“இதுல வேணாம்,” என்றாள் எஸ்னாட்.

“வேற எங்கங்க மேட்ரன்?”

தேம்வா நாடி பார்த்தாள், டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். ஒரு புது சார்ட்டில் எஸ்னாட்டின் பெயரை எழுதி, காலையில் கற்றுக்கொண்ட வழக்கப்படியே ஆறு மணி வரைக்கும் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். டாக்டர் ஆபரேஷனில் இருப்பதாகத் தகவல் வந்தது. உள்ளறையில் ஒருத்தி தலை தெரிகிறது என்று அலறினாள்.

“பத்து நிமிஷத்துல வந்துடறேன்,” என்று ஓடினாள் தேம்வா.

எஸ்னாட் கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் துணியைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது.

பச்சை ரத்தத்தின் வாடை வந்தது.

அப்புறம் காதருகே டிக் டிக் என்று ஒரு சத்தம். நாடி எண்ணக் குனிகிற நர்ஸின் மார்பில் தொங்கும் கடிகாரம். அது எவ்வளவு கிட்டே கேட்கும் என்பது எஸ்னாட்டுக்குத் தெரியும்.

சில்லென்று ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“சிஸ்டர்,” என்றது குரல். பழைய மரியாதை மாறாத குரல். “அன்னிக்கி அந்த எண்பது, யாரு எழுதுனது?”

உண்மையைச் சொல்ல அவளுக்குக் கடைசியாக ஒரு நிமிஷம் கிடைத்தது. பேச்சும் திரும்ப வந்தது. ஆனாலும் வருடக்கணக்காகப் பழகிய நாக்கு பழகியதையே சொன்னது.

“நீதான்.”

கை இறுகியது.

“சரிங்க சிஸ்டர். கையெழுத்து நான் போட்டுக்கறேன். நம்பர் மட்டும் நீங்க குடுங்க.”

பேனா காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது. நூற்றுப் பத்து. எழுபது. நாற்பது. ஒவ்வொன்றும் எழுதிய பிறகே எஸ்னாட்டின் நாடி அந்த எண்ணுக்கு இறங்கியது. எஸ்னாட் எண்ணிக்கொண்டே கிடந்தாள். எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாத வரைக்கும் எண்ணினாள்.

இரட்டைப் பிள்ளைகளை எடுத்துவிட்டு இரண்டு மணிக்குத்தான் தேம்வாவால் வெளியே வர முடிந்தது. மேட்ரனின் உடம்பு ஆறிப்போயிருந்தது. சார்ட்டை எடுத்தாள். பார்க்காமல் போட்ட கையெழுத்து தன்னையும் கொண்டுபோய் விசாரணையில் நிறுத்தும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கையெழுத்து ஒரு கட்டத்திலும் இல்லை. எல்லாவற்றிலும் எல்.எம். இரண்டு மணிக் கட்டத்தில் சுழியம். அதற்குப் பிறகு ஆறு மணி வரைக்கும் சுழியம்தான், ஒரே சீரான எழுத்தில்.

எல்.எம். யார் என்று விசாரணையில் கேட்டார்கள். அந்த முதலெழுத்துகள் கொண்ட நர்ஸ் யாரும் வேலையில் இல்லை. பழைய பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது, அடிக்கப்பட்டு.

தேம்வா அதற்குப் பிறகு நேரம் தவறாமல் ஒவ்வொரு படுக்கையாக நடந்தாள். ஒரே ஒரு நாள், பிப்ரவரியில், தனியாக மாட்டிக்கொண்டு கால் கடுக்க நின்றபோது, போனால் போகிறதென்று ஒரு பெண்ணின் சார்ட்டில் நான்கு மணிக் கட்டத்துக்கு மூன்று மணிக்கே பேனாவைக் கொண்டுபோனாள்.

காதருகே டிக் டிக் என்று கேட்டது.

தேம்வா கடிகாரம் அணிவதில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் நாடியைத் தானே பிடித்து எண்ண ஆரம்பித்தாள். அறுபது நொடியும் அந்தச் சத்தம் கூடவே எண்ணியது.