அனுப்புநர் முகவரி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். பிலிப்பு டி.வி.க்கு எதிரே மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பாக்கியம் சமையலறை வாசற்படியில், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். பாக்கியத்தின் தம்பி டென்னிஸ் கட்டிலில், முழங்கைக்குக் கீழே தலையணையைக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். ஜன்னலோரம் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் யாரும் இல்லை.

ஆனால் அதன் கால்கள் அகன்றிருந்தன.

கனத்த ஆள் உட்கார்ந்தால் அந்த வகை நாற்காலியின் பின்னங்கால்கள் வெளிப்பக்கம் கொஞ்சம் விரியும். டைல்ஸில் ஒரு கீச்சொலி எழும். அந்த ஒலியைக் கேட்டுத்தான் பிலிப்பு தலையைத் திருப்பினார். கால்கள் விரிந்தது விரிந்தபடியே நின்றன.

"இன்னாங்க, அதையே பாத்துக்கினு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. பஸ்ல வந்த அசதி."

"மலைக்குப் போயிட்டு வந்தா மனுசனுக்குத் தெம்பு வரும். மாமாவுக்கு இருந்ததும் போயிடுச்சி," என்றான் டென்னிஸ். "பெட்டிய ஒளிச்சி வெக்கிறாராம், ஒளிச்ச எடத்த உலகத்துக்கே சொல்றாராம். அதுக்கு நம்ம வூட்டு வாசல்லயே வெச்சிட்டிருக்கலாம்."

பாக்கியம் சிரித்தாள். பிலிப்பு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலையில் மலையில் கிழித்து மடித்து வைத்த நோட்டுத்தாள் உள்ளே இருந்தது. கிழிக்கும்போது உலர்ந்திருந்த தாள் இப்போது ஈரமாக நெஞ்சில் ஒட்டியது.

எல்லாம் செலினாவுக்காகத்தான். வேலூரில் நர்சாக இருக்கும் மகள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது கோபத்தில் இவர் விட்ட ஒரு வார்த்தையால் பதினான்கு மாதமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. வாராவாரம் கடிதம் எழுதினார். கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசி ஆலையின் அலுவலகத்தில் முப்பது வருடமாகக் கடிதம் எழுதும் வேலை அவருக்கு, வேறு விதமாக மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. போன மாதம் அவளே போன் செய்தாள். ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டாம். ஒரு பெட்டியை எங்காவது மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிய வேண்டும். முகம் தெரியாதவர்கள் போனைப் பார்த்துத் தேடி வந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள்.

"நம்ம மலையில நீங்க ஒண்ணு வையுங்கப்பா. மொதல் பேரு என்னுது. அதுக்காகவாவது வர்றேன்."

அதுக்காகவாவது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, கரியாலூருக்கு மேலே ஒரு பாறை இடுக்கைத் தேர்ந்தெடுத்தார். பாறையை ஒட்டி மரவள்ளி போட்டிருந்த குஞ்சம்மாளிடம் அனுமதி கேட்டார்.

"வெச்சிக்குங்க. நாங்க அந்தாண்ட போறதே இல்ல. யாரு வருவா அத எடுக்க?"

"யாரு வேணா வரலாம்மா," என்றார். பாறையைப் பார்த்துத்தான் சொன்னார்.

பெட்டி வைத்த இடத்தில் நின்று பத்து முறை எண்களைக் குறித்துச் சராசரி எடுத்தார். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினால் போதும் என்று செலினா சொல்லியிருந்தாள். ஆனால் அனுப்புநர் முகவரி இல்லாத தாளைக் கடிதம் என்று சொல்லாதே என்பது பள்ளிக்கூடத்தில் அடிபட்டுக் கற்ற பாடம். வீட்டு எண், தெரு, பின்கோடு வரை எழுதினார். பெறுநர் என்ற இடத்தில், 'இதைக் கண்டெடுக்கும் அன்பர்.' அதன் கீழே:

'அன்புடையீர், வணக்கம். என் மகள் செலினா வரும் வரை இந்தப் பெட்டியை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். தங்கள் பெயரை எழுதி இருந்த இடத்திலேயே வைக்கவும். கள்ளக்குறிச்சி வந்தால் என் வீட்டுக்கு அவசியம் வரவும். காத்திருப்பேன்.'

அன்றிரவே இணையத்தில் படிவத்தை நிரப்பினார். சரிபார்க்கும் தன்னார்வலரிடமிருந்து ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: எண்களில் ஐயம், மறுபடி குறித்து அனுப்பவும், அதுவரை பதிவு வெளியிடப்படாது. ஆக, பெட்டி இருக்கும் இடம் இன்னும் எவருக்கும் தெரியாது. இன்று காலை மறுபடி போய்ப் பெட்டியைத் திறந்தபோது இரண்டாம் பக்கம் நிரம்பியிருந்தது.

பெறுநர் என்று அவர் பெயர், வீட்டு எண், தெரு, பின்கோடு. அனுப்புநர் என்ற சொல்லுக்குக் கீழே மூன்று வரி வெற்றிடம். அதற்கும் கீழே, எழுதத் தெரியாத கை ஒன்று அவருடைய பக்கத்திலிருந்து சொற்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து எடுத்ததுபோல்:

'அன்புடையீர், வணக்கம். வீட்டுக்கு வந்தால் காத்திருப்பேன். மகள் செலினா வரும் வரை.'

திங்கட்கிழமை மாலை அவர் வேலையிலிருந்து திரும்பியபோது சிவப்பு நாற்காலி அவருடைய மர நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. நனைந்த பாறையும் அழுகிய கடுக்காயும் சேர்ந்த ஒரு துவர்ப்பு வாடை, ஊதுவத்தி கொளுத்தியும் அடங்காமல், திரைச்சீலையிலும் தட்டில் போட்ட சோற்றிலும் ஏறியிருந்தது. பாக்கியம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கொடம் ஒழுவுது போல. எத்தினி வாட்டிதான் தொடைக்கறது."

அவர் முறையாகச் செய்தார். இணையத்தில் படிவத்தை நீக்கினார். நோட்டுத்தாளை அடுப்பில் போட்டார். வெள்ளைத்தாளில் 'பொருள்: அழைப்பைத் திரும்பப் பெறுதல்' என்று எழுதி, கையொப்பமிட்டு, நாற்காலியின் மேல் வைத்தார். காலையில் அந்தத் தாள் கூழாக ஊறியிருந்தது. ஒரு எழுத்தும் மிச்சமில்லை.

செவ்வாய்க்கிழமை செலினா போன் செய்தாள். "லீவு கெடச்சிடுச்சிப்பா. சனிக்கிழம காலையில பஸ் ஏறுறேன்." பாக்கியம் அழுதுகொண்டே சிரித்தாள். அன்று என்ன சமைப்பது என்று உடனே பேச ஆரம்பித்தாள். பிலிப்பு கூடத்துக்கு வந்தார்.

நாற்காலி திரும்பியிருந்தது. தெருக்கதவைப் பார்த்து.

அதன் பிறகு அவர் தூங்கவில்லை. பயத்தைவிட அசதிதான் பெரிதாக இருந்தது. பயப்படுவதற்கும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டுமே. புதன்கிழமை மதியம் ஆலையின் மொட்டை மாடிக்குப் போய், நெல் காயும் வெயிலில் தனியாக நின்று மகளுக்குப் போன் செய்தார்.

"செலினா, நீ இப்ப வர வேணாம்மா..."

"யாருப்பா அது பக்கத்துல?" அவள் சிரித்தாள். "டென்னிஸ் மாமாவா? 'அவசியம் வரவும், அவசியம் வரவும்'னு பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி படிக்கிறாரு."

மாடியில் யாருமில்லை. காயும் நெல்லில், அவர் காலடிக்கு அருகே மட்டும், ஒரு திட்டு கறுத்து நனைந்திருந்தது. போனை அணைத்தார்.

வேறு வழி தெரியவில்லை. அவள் வரவே கூடாது. இந்த வாரம் மட்டுமல்ல, இந்த நாற்காலி இருக்கிற வரைக்கும். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவார். அழுதால் ஓடி வந்துவிடுவாள். வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தார். பாக்கியம் சந்தைக்குப் போயிருந்தாள். காலை வெயில் தாளில் விழுந்தது. பதினான்கு மாதக் கெஞ்சலை ஆறு வரியில் அழித்தார்.

'நீ வர வேண்டாம். வந்தால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவேன். ஜெர்மனிக்குப் போ, எங்கேயாவது போ. உன் அம்மாவிடமும் பேசாதே. எனக்கு மகள் இல்லை. இதுவே கடைசிக் கடிதம்.'

பின்னால் கீச்சொலி.

திரும்பவில்லை. எழுதினார். பிடரியில் குளிர். தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு கனம். சொட்டு. மேசை விளிம்பில் ஒரு சொட்டு. உறையின் மேல் எழுத்து நடுங்கக்கூடாது, தவறிப்போனால் சனிக்கிழமைக்குள் சேராது. மகளின் பெயர். விடுதியின் பெயர். இரண்டாம் மாடி. அறை எண். தெரு. வேலூர். பின்கோடு. ஒவ்வொன்றையும் தெளிவாக, இடைவெளி விட்டு எழுதினார். தோளில் இருந்த கனம் ஒவ்வொரு வரிக்கும் நின்று நின்று நகர்ந்தது. பசையைத் தடவி உறையை ஒட்டி, விரலால் மூன்று முறை அழுத்தினார்.

தபால் நிலையத்தில் கவுன்டரில் விஜயலட்சுமி. அவருக்குப் பழக்கமானவள்.

"இன்னா சார், இன்னிக்கு ஸ்பீடு போஸ்டா? பொண்ணுக்கு அவ்ளோ அவசரமா?"

"நாளைக்குப் போயிடுமா?"

"சாயந்தரத்துக்குள்ள கைல குடுத்துடுவாங்க. மூஞ்சி இன்னா இப்படி கறுத்துக் கெடக்குது? போய்ப் படுங்க சார்."

ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். மூச்சு எளிதாக வந்தது. நான்கு நாளாகப் பிடித்திருந்த வாடை இல்லை. தோள்கள் தாமாகத் தளர்ந்தன, கண் செருகியது. அப்படியே மரத்தில் சாய்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் படிகளைப் பார்த்தார்.

அவருடைய செருப்புத் தடம் புழுதியில் உள்ளே போய், வெளியே வந்திருந்தது. பக்கத்திலேயே, உரசியபடி, அகன்ற வெறுங்காலின் ஈரத் தடம். உள்ளே போயிருந்தது. கதவைத் தாண்டி, கவுன்டர் வரை, எடைபோடும் இடம் வரை.

திரும்பி வரவில்லை.

உள்ளே விஜயலட்சுமி தபால் பையின் வாயைக் கட்டி முத்திரை வைத்துவிட்டுத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. "காசிநாதா, ஒரு கை புடிய்யா. இன்னாத்த போட்டாங்களோ, பொணம் கனம் கனக்குது." அவர் ரசீதை நீட்டியபடி படியேறினார். அதற்குள் இரண்டு பேர் பையைப் பிடித்து இழுத்து, வாசல் வழியாக, அவரைக் கடந்து, வேனில் ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். வேன் பின்பக்கம் தாழ்ந்து, வேலூர் போகும் பக்கம் திரும்பியது.

இழுபட்ட இடமெல்லாம் ஈரம்.