மழையில்லாத நாளில் ஓடிய வைப்பர்

ஆர்செனியோ செத்துப் பதினேழாவது நாள் காலையில் அவனுடைய செல்போன் அடித்தது.

டிக்னா பேக்கரி வேனில் சீப்பா ரொட்டிக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். செத்துப்போன புருஷனின் அந்த போனை எடுத்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

பதினேழு நாளாக அப்படித்தான். பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் போடும் ஊசியை யாரோ உடம்பு முழுக்கப் போட்டுவிட்ட மாதிரி. ஒன்பது நாள் ஜெபத்தில் தெருவே அழுதது. அவள் அழுதவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

திரையில் ஒரே ஒரு வரி.

'டோன்யா, விபத்து நடந்த அன்னைக்கு உங்க பக்கம் மழையா?'

டிக்னா நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். ஆகஸ்ட் மாதம். நாற்பது நாளாக ஒரு சொட்டு இல்லை. அரெகுவா சாலையின் செம்மண் தூசி வேனின் கதவுவரை ஏறியிருந்தது.

'இல்லை' என்று தட்டினாள்.

உடனே பதில் வந்தது.

'அப்ப அந்த போட்டோவுல வைப்பர் ஏன் பாதிக் கண்ணாடியில நிக்குது?'

*

கேட்டவள் பெர்லா. சான் லொரென்சோவில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். மரியாதைக்கு 'டோன்யா', அதாவது அம்மா, என்று கூப்பிட்டவளை டிக்னா நேரில் பார்த்ததில்லை. ஆர்செனியோவின் போனில் இருந்த 'இக்கிக்கே குடும்பம்' என்ற குரூப்பில் நானூறு பேர். அதில் ஒருத்தி.

நானூறு பேரிடமும் ஒரே மாதிரிக் கார்தான். ஜப்பானில் பத்து வருஷம் ஓடி, கப்பலேறி, சிலி நாட்டு இக்கிக்கே துறைமுகத்தில் இறங்கி, ஏதோ ஒரு கொட்டகையில் வலப்பக்கத்து ஸ்டியரிங்கை அறுத்து இடப்பக்கம் வைத்து ஒட்டி, பராகுவேக்கு வந்து சேர்ந்த கார்கள். அதே கம்பெனியின் ஷோரூம் அசுன்சியோனில் இருக்கிறது. ஆனால் இந்த வண்டிகளைக் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். சத்தம் வந்தாலும், புகை வந்தாலும், பாகம் கிடைக்காவிட்டாலும் குரூப்பில்தான் கேட்க வேண்டும்.

ஆர்செனியோவும் மூன்று மாதம் கேட்டான். பிரேக் போட்டால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்று.

சிலர் ஆலோசனை சொன்னார்கள். ஒருத்தன் ககுபே மாதாவுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னான்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை...

அரெகுவா இறக்கத்தில், பூத்து நின்ற லபாச்சோ மரத்தில் கார் மோதியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆர்செனியோ. உயிரில்லை. பானெட் முழுக்க ரோஜா நிறப் பூக்கள்.

பிரேக் பிடிக்கவில்லை என்றது போலீஸ்.

அந்த பிரேக்கை இரண்டு வாரம் முன்னால் மாற்றியவன் நெமேசியோ. மாமரத்தடியில் கார் ரிப்பேர் செய்பவன். ஆர்செனியோவுக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். உடைத்த காரிலிருந்து கழற்றிய பழைய பாகத்தைப் போட்டிருந்தான். ஷோரூமிலிருந்து ஃபாபியான் இன்ஸ்ஃப்ரான் என்ற இஞ்சினியர் வந்து பார்த்து, அந்தப் பழைய பாகம்தான் காரணம் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். கமிஷனர் ஒரு தாளை நீட்டினார்.

டிக்னா கையெழுத்துப் போட்டாள். என்ன தாள் என்று படிக்கக்கூட இல்லை.

நெமேசியோவின் மீது அவள் கொடுத்த புகார் அது.

இன்று மாலை நான்கு மணிக்கு அவனை லாக்கப்பிலிருந்து பெரிய சிறைக்கு மாற்றுகிறார்கள். அங்கே போனவன் வழக்கு முடிந்து வெளியே வர வருஷங்கள் ஆகும். வராமலும் போகலாம்.

நேற்று அவள் லாக்கப்புக்கு நான்கு சீப்பா கொண்டுபோனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. நெமேசியோ கம்பிக்குள்ளிருந்து வாங்கிக்கொண்டான்.

"நீ கையெழுத்துப் போட்டதுக்கு எனக்குக் கோவமில்ல, டிக்னா. ஆனா அந்த பிரேக் நல்லா இருந்துச்சு. நானே ஓட்டிப் பாத்தேன்."

அவன் நான்கு சீப்பாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பி, மூலையில் படுத்திருந்த யாரோ ஒரு திருடனை எழுப்பி, இரண்டை அவனிடம் கொடுத்தான். பெரிய இரண்டை.

வீடு வரும்வரை அதுவே அவள் கண்ணில் நின்றது. பசியிலிருக்கும்போது பெரிய துண்டை அடுத்தவனுக்குக் கொடுக்கிறவன், சிநேகிதன் வண்டிக்கு மோசமான பிரேக்கைப் போடுவானா?

அதனால்தான் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் நின்ற காரைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டாள். 'இதிலே என் புருஷன் செத்தார். யாருக்காவது ஏதாவது புரிகிறதா?'

பெர்லாவுக்குப் புரிந்துவிட்டது.

*

பத்து மணிக்குள் பெர்லா வந்து இறங்கினாள். அதே மாதிரிக் கார், அதே வெள்ளை. குண்டான உடம்பு, சிவப்புச் சாயம் போட்ட தலை, கையில் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர்க் குடுவை. வந்ததும் டிக்னாவை ஒரு முறை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு போனில் அந்தப் படத்தைத் திறந்து காட்டி, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"பாட்டரி நொறுங்கிருக்கு பாத்தியா? மோதின நிமிஷமே கரண்ட் போயிருக்கும். அதுக்கப்புறம் வைப்பர் நகரவே நகராது. அப்ப, மோதறதுக்கு முன்னாடியே ஓடிட்டிருந்திருக்கு."

"மழையில்லாம எதுக்கு வைப்பர் போடுவாரு?"

"அவரு போடமாட்டாரு. அதான் விஷயம்."

பெர்லா அவளைத் தன் காரின் கதவருகே இழுத்துப்போய்க் காட்டினாள். ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு லீவர்கள். நாட்டில் மற்ற எல்லா வண்டிகளிலும் இடக்கை லீவர் இண்டிகேட்டர், வலக்கை லீவர் வைப்பர். டிக்னாவின் பேக்கரி வேனும் அப்படித்தான். ஆனால் இக்கிக்கே வண்டியில் ஸ்டியரிங்கை மட்டும்தான் மாற்றுகிறார்கள். லீவர்கள் ஜப்பானில் இருந்தபடியே. இடக்கை வைப்பர். வலக்கை இண்டிகேட்டர்.

"இந்த வண்டிய முதல் தடவை ஓட்டற அத்தனை பேரும் திருப்பத்துல இண்டிகேட்டர் போடறேன்னு வைப்பரப் போடுவாங்க. என் மாப்பிள்ள போட்டான். எங்க பங்குச் சாமியார் போட்டாரு. ராங் பார்க்கிங்னு வண்டியத் தூக்கிட்டுப் போன போலீஸ்காரன் தெருமுனை வரைக்கும் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே போனான். உன் புருஷன் எத்தன வருஷமா ஓட்டறாரு?"

"ஒன்பது. என்னைக்கூடத் தொட விடமாட்டாரு."

"அப்ப அன்னைக்கு ஓட்டுனது அவரில்ல, டிக்னா."

டிக்னா அந்த வாக்கியத்தைக் கேட்டாள். எங்கோ பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்கிற மாதிரி.

யாரோ ஓட்டியிருக்கிறான். மோதியிருக்கிறான். செத்தவனை இழுத்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு நடந்து போயிருக்கிறான்!

*

கமிஷனர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, வைப்பர் எல்லாம் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்லாது என்றார். சான்றிதழ் கொடுத்த இஞ்சினியரே மாற்றி எழுதிக் கொடுத்தால் நீதிபதிக்கு போன் செய்கிறேன். இல்லையென்றால் நான்கு மணிக்கு ஜீப் கிளம்பும் என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார்.

டிக்னாவுக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. இஞ்சினியர் இன்ஸ்ஃப்ரான் நல்ல மனிதர். ஒன்பது நாள் ஜெபத்துக்கும் வந்தவர். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுப் போவார். ஷோரூம் ஆள் ஒருத்தர் இக்கிக்கே வண்டிக்காரன் வீட்டில் நாற்காலி மடக்குகிறாரே என்று தெருவே பேசியது.

வழியில் பெர்லா ஒரு யோசனை சொன்னாள். அவரிடம் முன்கூட்டியே எதையும் சொல்லக்கூடாது. வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்வோம். முதல் திருப்பத்திலேயே வைப்பரைப் போடுவார். அப்போது சொல்வோம்... பார்த்தீர்களா, புது ஆள் இப்படித்தான் செய்வான், அன்றைக்கு ஓட்டினவனும் புது ஆள்தான் என்று. தானே அனுபவித்ததை ஒரு மனிதன் எழுதிக் கொடுக்க மறுக்கமாட்டான்.

டிக்னா தலையாட்டினாள்.

ஷோரூம் வாசலில் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினான். பெர்லா அவனுக்கு ஒரு டம்ளர் தெரெரே ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, அப்போதும் உள்ளே விட மறுத்தான். ஆனால் இஞ்சினியரைக் கூப்பிட்டு அனுப்பினான்.

இன்ஸ்ஃப்ரான் வெளியே வந்தார். நாற்பது வயது. இஸ்திரி போட்ட நீலச் சட்டை. டிக்னாவைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

"டோன்யா டிக்னா... நீங்க ஏன் வந்தீங்க? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

ஒரு உதவி என்றாள் டிக்னா. பெர்லா முந்திக்கொண்டாள். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, ஆர்செனியோவுக்கு ஆனதைக் கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது, ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துச் சொன்னால் போதும் என்றாள்.

அவர் காரைப் பார்த்தார். அதே மாதிரி. அதே வெள்ளை.

"மன்னிச்சுக்கங்க. இந்த மாதிரி வண்டில நான் உக்காந்ததே இல்ல. எங்க கம்பெனில ஒத்துக்கமாட்டாங்க."

"ஒரு சுத்துதான், இஞ்சினியரே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மறுத்துவிடுவார் என்றுதான் டிக்னா நினைத்தாள். ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சாவிக்குக் கையை நீட்டினார்.

*

பெர்லா முன்னால், அவருக்குப் பக்கத்தில். டிக்னா பின்னால்.

கார் மெல்ல நகர்ந்தது. ஐம்பது மீட்டர்... நூறு...

மருந்துக்கடை முனையில் முதல் திருப்பம்.

இரண்டு பெண்களும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்லாவின் உதட்டில் சிரிப்பு தயாராக இருந்தது.

இன்ஸ்ஃப்ரான் வலக்கை விரலை நீட்டினார். பார்க்கவில்லை. தடவவில்லை. லீவரைத் தட்டினார்.

டிக்... டிக்... டிக்...

இண்டிகேட்டர்.

வைப்பர் அசையவில்லை.

பெர்லாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கார் திரும்பியது. அடுத்த முனை. மறுபடி வலக்கை. மறுபடி டிக்... டிக்...

டிக்னாவின் மண்டைக்குள் ஏதோ ஒன்று மெதுவாக இடம் மாறி உட்கார்ந்தது.

"இஞ்சினியர் சார்."

"சொல்லுங்க, டோன்யா."

"இந்த மாதிரி வண்டில உக்காந்ததே இல்லன்னீங்க."

"ஆமா."

"அப்ப எந்தக் கையில இண்டிகேட்டர்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

டிக்... டிக்... சத்தம் மட்டும் காருக்குள். திரும்பி முடித்த பிறகும் அவர் அதை அணைக்கவில்லை.

சாலையோரம் கார் நின்றது.

அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெர்லாவின் கை கதவுக் கைப்பிடியில் இறுகியது. ஆனால் அவர் ஓடுகிற ஆளாகத் தெரியவில்லை. பதினேழு நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் மூணு தடவை கேட்டுக்கு வந்தார். மூணு தடவையும் திருப்பி அனுப்பினோம். மூணாவது தடவை தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னார். எனக்கு மனசு கேக்கல. சனிக்கிழமை வேலை முடிஞ்சு வர்றேன், வெளியில வெச்சுப் பாக்கறேன்னேன்."

"நீங்கதான் ஓட்டினீங்க."

"ஆமா. பிரேக்ல ஒண்ணுமில்ல. முன் டயர் ஒண்ணு தேஞ்சிருந்துச்சு. அவ்வளவுதான். இறக்கத்துல எதிர்ல பஸ் வந்துச்சு. திரும்பணும்னு இண்டிகேட்டரத் தட்டினேன். கண்ணாடில வைப்பர் பாஞ்சுது. ஒரு செகண்ட் குனிஞ்சு கையப் பாத்தேன்... ஒரே செகண்ட்."

அதற்குப் பிறகு நடந்ததை அவர் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். பஸ் நிற்காமல் போனது. தனக்குக் கீறல்கூட இல்லாதது. ஆர்செனியோவின் நாடி பார்த்தது. இல்லை என்று தெரிந்தது. வேலை போய்விடும், ஜெயில் என்று பயந்தது. இழுத்து உட்கார வைத்தது. சான்றிதழ் எழுத இன்னொருத்தர் வந்தால் கண்டுபிடித்துவிடுவாரோ என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டது. பிறகு ராத்திரி பகலாகக் கண்ணுக்குள் அந்த லீவர்.

உதவி செய்ய வந்தவன்தான். பயம் வந்து அந்த உதவியைத் தின்றுவிட்டது. இப்படியும் ஒரு பாவம் உண்டு. பாதி நல்லவனாக இருந்துவிட்டு மீதியை விட்டுவிடுகிற பாவம்.

டிக்னா கோபம் வருமா என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை.

"கடைசியா அவரு என்ன பேசினாரு?"

"உங்களப் பத்தி இல்ல, டோன்யா. பொய் சொல்லமாட்டேன். 'பாருங்க இஞ்சினியரே, நீங்க உக்காந்ததும் இழுக்கறத நிறுத்திட்டான்'னாரு. சிரிச்சாரு."

அது ஆர்செனியோதான். அச்சு அசல் ஆர்செனியோ. அந்தக் காரை அவன் எப்போதும் அவன் இவன் என்றுதான் சொல்வான்.

டிக்னாவுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. முழுதாக அல்ல. மரத்த காலில் முதல் ஊசி குத்துகிற மாதிரி, கொஞ்சமாக.

இன்ஸ்ஃப்ரான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். டிக்னா பெர்லாவின் குடுவையை வாங்கி, ஒரு டம்ளர் ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கத் தயங்கினார்.

"குடிங்க. மணி மூணேகால். நாலு மணிக்கு நெமேசியோவ ஏத்திடுவாங்க. மிச்ச அழுகைய ஸ்டேஷன்ல போய் அழுதுக்கலாம். வர்றீங்களா?"

அவர் குடித்தார். தலையாட்டினார். வண்டி ஓட்டக் கை நிலைக்கவில்லை என்றார்.

பெர்லா இறங்கிப் பின்சீட்டுக்குப் போனாள். இஞ்சினியரையும் இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையை ஓட்டுநர் லைசென்ஸ் மாதிரி பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள். டிக்னா முன்னால் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

ஒன்பது வருஷமாக ஆர்செனியோ அவளைத் தொடவிடாத அதே மாதிரி வண்டி. முதல் கியர். இரண்டாவது கியர். ஸ்டேஷனுக்குப் போகிற சாலை இடது பக்கம் பிரிந்தது. அவள் இடக்கை விரலால் லீவரைத் தட்டினாள்.

சர்ரக்... சர்ரக்... காய்ந்த ரப்பர் செம்மண் தூசியை விசிறி விசிறித் தள்ளியது.

பெர்லா பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கங்க, இஞ்சினியரே. குத்தம் செய்யாதவங்க இப்படித்தான் திரும்புவாங்க!"