கலந்துபோன பிள்ளைத் துணிகள்

சுரேன் பிறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவன் இருமல் கிருஷாந்திக்குப் பாடமாகிவிட்டது. முதலில் இரண்டு சின்ன இருமல். பிறகு ஒரு நீண்ட இருமல். அதற்குப் பிறகு முகமெல்லாம் சிவந்து, குடித்த பால் வெளியே வந்துவிடும்.

சுரேன் அவளுடைய தம்பி. கிருஷாந்திக்கு வயது பத்து. டிசம்பர் லீவு என்பதால் அவளும் வீட்டில்தான் இருந்தாள். அம்மா விடிந்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். தம்பியைப் பார்த்துக்கொள்வது அப்பாதான். கொழும்பில் மூட்டை தூக்கும்போது விழுந்து கால் முறிந்த பிறகு, அவர் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டார். எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் நடக்கும்போது கால் கொஞ்சம் இழுக்கும்.

அப்பா சோறாக்குவார், தம்பியைக் குளிப்பாட்டுவார், தொட்டில் ஆட்டுவார். எல்லாவற்றையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் யாரும் எழும்புவதற்கு முன்பே குழாயடியில் பிள்ளைத் துணிகளை அலசி வந்துவிடுவார். அவற்றை வெளியே காயப்போடவும் மாட்டார். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதில் தொங்கவிடுவார். மழைக்கால விறகோ ஈரம். வீடெல்லாம் புகை, துணியெல்லாம் புகை.

"புகை பிள்ளைக்கு ஆகாது. துணிய வெயில்ல போடுங்க" என்று மிட்வைஃப் மிஸ் சொல்லியிருந்தார். அப்பா தலையை ஆட்டினார். தலையாட்ட என்ன செலவா? கயிறு மட்டும் அதே இடத்தில் இருந்தது.

லயத்தின் அடுத்த கோடியில் நல்ல வெயில் படும். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவின் கூரையைக் காற்று தூக்கிப் போட்டதிலிருந்து, கைக்குழந்தைக்காரிகள் நாலு பேர் வீட்டில் நின்றுவிட்டார்கள். தினமும் பத்து மணிக்கு அந்தக் கோடியில் பாய் விரித்து உட்காருவார்கள். பக்கத்திலேயே துணி காயப்போடும் கம்பி.

"அப்பா, நாமளும் அங்க போவோமா?"

"பொம்பளைங்க இருக்கிற எடத்துல எனக்கு என்னம்மா வேலை?"

"தம்பிக்கு வேலை இருக்குப்பா."

அப்பா சிரிக்கவில்லை. வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. "பாத்தியா? என்னையப் பத்தித்தான் சிரிக்கிறாங்க. ஆம்பள பிள்ளைத் துணி தொவைக்கிறான்னு" என்றார்.

மறுநாள் காலையில் சுரேன் இருமத் தொடங்கி, நிறுத்தவே இல்லை. அப்பா அவனைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் தம்பி ஓய்ந்து தூங்கியபோது, அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அப்பா அழுது கிருஷாந்தி பார்த்ததே இல்லை. கயிற்றில் இருந்த ஈரத்துணிகளை உருவிக் கூடையில் போட்டுக்கொண்டு, வெளியே நடந்தாள்.

"வாம்மா, வா" என்று பாயில் இருந்த நாலு பேரில் ஒருவரான அன்னலட்சுமி அக்கா எழுந்து, கம்பியில் தன் துணிகளை ஒதுக்கி இடம் விட்டார். அவருக்கு இரட்டைக் குழந்தைகள். இடுப்பில் ஒன்று, பாயில் ஒன்று. "உங்கப்பாவுக்கு எங்க மேல கோவமா? கதவத் தொறக்கவே மாட்டேங்கிறாரு. எங்க கூச்சல் பிடிக்கலையோன்னு நாங்களே சத்தத்தக் கொறைச்சுக்கிறோம்."

கிருஷாந்தி துணிகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் போட்டாள். இவர்கள் சிரிக்கிறார்கள் என்று அப்பா நினைக்கிறார். அப்பா கோபமாக இருக்கிறார் என்று இவர்கள் நினைக்கிறார்கள். சொன்னால் இரண்டு பக்கமும் நம்பாது போலிருந்தது.

அப்போதுதான் மலைக்கு மேலிருந்து மேகம் இறங்கியது. மழை தடதடவென்று கொட்டியது. அக்காமார் குழந்தைகளை அள்ளிக்கொண்டு வீடுகளுக்குள் ஓடினார்கள். துணி எடுக்க யாருக்கும் கை இல்லை.

"நான் எடுக்கிறேன்!" என்று கத்தினாள் கிருஷாந்தி.

கம்பியில் இருந்த எல்லாத் துணிகளையும் இழுத்துக் கூடையில் திணித்தாள். அன்னலட்சுமி அக்காவின் வீடு பத்தடியில் இருந்தது. அவள் அங்கே போகவில்லை. கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, லயத்தின் முழு நீளமும் ஓடித் தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

பாயில் கொட்டியதும் அப்பா திகைத்துப்போனார். "யாரு துணி இதெல்லாம்?"

"எல்லாருடையதும்."

எல்லாமே பழைய வேட்டியிலும் சேலையிலும் கிழித்த துண்டுகள். "எப்படிப் பிரிக்கிறது?"

"எனக்குத் தெரியாதுப்பா. அவங்களுக்குத்தான் தெரியும்."

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் கதவு தட்டப்பட்டது. அடுத்தவர் துணியை வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் இருக்க முடியுமா?

குடையும் குழந்தைகளுமாக நாலு பேரும் உள்ளே வந்தார்கள். அந்தச் சின்ன அறையில் கால் வைக்க இடமில்லை. "இது என் பச்சைச் சேலை." "இது என் வீட்டுக்காரர் வேட்டி." பேச்சுக்கு நடுவில் சுரேன் இருமினான். இரண்டு சின்ன இருமல், ஒரு நீண்ட இருமல்.

அன்னலட்சுமி அக்கா நிமிர்ந்து பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மேலே இருந்த கயிற்றையும் பார்த்தார்.

"வெளிய போட வெக்கமா இருந்துச்சு" என்றார் அப்பா மெதுவாக. "என் வெக்கத்தால பிள்ளைக்குச் சீக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணே," என்றார் அன்னலட்சுமி அக்கா. "நாங்க ஏன் ஒண்ணா உக்காருறோம்னு நெனைச்சீங்க? ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு ஒருவாய் சோறு தின்ன முடியாம நான் அழுதிருக்கேன். இவங்கள்ல ஒருத்தி பிடிச்சுக்கிட்டாத்தான் எனக்குக் கை கிடைக்கும். சும்மா ஊர்க்கதை பேசவா வாறோம்?" ஒரு நொடி யோசித்தார். "ஊர்க்கதையும் பேசுவோம்தான்."

அப்பாவின் முகத்தில் இலேசாகச் சிரிப்பு வந்தது. சுரேனை ஒரு தோளில் சரிசெய்துகொண்டு மறு கையை நீட்டினார். "ஒண்ண இங்க தாங்க. கிருஷாந்தி, அக்காமாருக்குத் தேத்தண்ணி ஊத்தும்மா."

அன்னலட்சுமி அக்கா அன்று இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, சூடு ஆறுவதற்குள் தேத்தண்ணி குடித்து முடித்தார்.

மழை விட இரண்டு நாள் ஆனது. வெயில் வந்த காலையில் அப்பா கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். சுரேனைத் தோளில் போட்டு, காலை இழுத்து இழுத்து அந்தக் கோடிக்கு நடந்தார். கிருஷாந்தி கூடையோடு பின்னால் போனாள்.

கம்பி முழுக்கத் துணிகள். நடுவில் மட்டும் இரண்டு முழ இடம் வெறுமையாக இருந்தது.

"அது உங்க எடம் அண்ணே" என்றார் அன்னலட்சுமி அக்கா.